கேரூபீன் கேட்டால் குழந்தையைக் காட்டுகிறார்கள்: சுங்கை சிப்புட்டில் ஒரு சுரூபக் கடை

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் கடைத்தெருவில், மளிகைக் கடைக்கும் மோட்டார் சைக்கிள் பட்டறைக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கிறது இந்தச் சுரூபக் கடை. முகப்பு ஒரு கடைக்கதவின் அகலம்தான். உள்ளே போகப் போக நீளம். பின்கட்டில் அச்சு வார்க்கிறார்கள், நடுக்கட்டில் வண்ணம் பூசுகிறார்கள், முன்னால் விற்கிறார்கள். மாதா, அந்தோனியார், சூசையப்பர் சுரூபங்களைப் பற்றி இங்கே பேச்சில்லை. அவை நன்றாகவே இருக்கின்றன, முகத்தில் களை இருக்கிறது, விலையும் ஈப்போவைவிடக் குறைவு. இந்த மதிப்பீடு இறக்கை வைத்த உருப்படிகளுக்கு மட்டும்.

காரணம், அப்படிப்பட்டவை கடையில் ஐந்து வகை இருக்கின்றன. ஐந்துக்கும் ஒரே பெயர்: கேரூபீன், அதாவது வேதத்தில் வரும் இறக்கை வைத்த வானவர். ஒரு சீட்டில் 'செரப்' என்றிருக்கிறது. இன்னொன்றில் 'செருப்'. கூட ஒரு 'பு' சேர்த்தால் காலில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிடலாம்.

ஆங்கில விலைப்பட்டியலைப் பார்த்து எழுதியதால் வந்த வினை இது. ஆங்கிலம் இந்தச் சொல்லைச் சகரத்தில் தொடங்குகிறது. கிரேக்கத்தில் முதல் எழுத்து 'கி', நம் ககரத்தை மூச்சோடு அழுத்திச் சொன்ன ஒலி. எபிரெயத்திலும் ககரம்தான். மலாய் வேதாகமத்தில்கூடக் 'கெரூப்' என்றே இருக்கிறது. தமிழில் பழைய மொழிபெயர்ப்பு 'கேரூபீன்' என்றும் கத்தோலிக்கர் படிக்கும் திருவிவிலியம் 'கெருபு' என்றும் எழுதுகின்றன. சீட்டு எழுதுகிறவர் இந்த நாலில் எதைப் பார்த்திருந்தாலும் தப்பியிருப்பார்.

சொல்லை நேர்படுத்திக்கொண்டால் எந்த உருப்படியை எதற்கு வாங்கலாம் என்பது பாதி தெளிந்துவிடும். கிரேக்க வேதத்தில் வந்தாலும் இது கிரேக்கத்தில் பிறந்த சொல்லன்று. எபிரெயத்தில் ஒருமை 'கெரூவ்', பன்மை 'கெரூவீம்'. எபிரெய வேதத்தைக் கி.மு. 3ஆம் நூற்றாண்டு முதல் கிரேக்கத்தில் பெயர்த்தவர்கள் இதற்கு ஈடான சொல் தேடவில்லை. ஒலியையே எடுத்து எழுதிவிட்டார்கள். ஒருமைக்குக் 'கெரூப்', பன்மைக்குச் சில இடங்களில் 'கெரூபிம்', சில இடங்களில் 'கெரூபின்'. மகரத்தில் முடிவது எபிரெயப் பன்மை, னகரத்தில் முடிவது அரமேயப் பன்மை. தமிழ்க் கேரூபீனும் னகரத்தில்தான் முடிகிறது. அதன்மேல் 'கள்' சேர்த்துக் 'கேரூபீன்கள்' என்று சொல்லும்போது பன்மைக்கு மேல் பன்மை ஏறுகிறது. 1611ஆம் ஆண்டு ஆங்கில வேதாகமமும் இதே போலப் பன்மைக்கு மேல் ஓர் 'எஸ்' போட்டிருக்கிறது, ஆகவே நாம் தனியாக வெட்கப்பட வேண்டியதில்லை. வழக்கில் ஊறிப்போன சொல், இருக்கட்டும். ஆனால் ஒற்றைக் குழந்தைத் தலையின் கீழே 'கேரூபீன்கள், 1' என்று எழுதிவைத்திருப்பதைத் திருத்தியே ஆகவேண்டும். ஒன்று என்றால் 'கேரூப்' அல்லது 'கெருபு'.

புதிய ஏற்பாட்டில் இந்தச் சொல் ஒரே ஒரு தடவைதான் வருகிறது: எபிரெயர் 9:5. பத்துக் கட்டளைக் கற்பலகைகளை வைத்த உடன்படிக்கைப் பெட்டியின் மூடிக்கு மேலே நின்று அதற்கு நிழலிடுகிற மகிமையின் கேரூபீன்கள். இன்றைய ஆய்வுப் பதிப்புகளில் அந்த இடத்தில் 'கெரூபின்' என்றும், பழைய அச்சுப் பாடத்தில் 'கெரூபிம்' என்றும் இருக்கும், பொருள் மாறாது. கவனிக்கவேண்டியது, 'நிழலிடுகிற' என்ற கிரேக்கச் சொல் அஃறிணைப் பன்மையில் நிற்கிறது. தமிழ்ப் பழைய மொழிபெயர்ப்பும் 'நிழலிட்டிருந்தார்கள்' என்று போடாமல் 'நிழலிட்டிருந்தன' என்றே போட்டது. ஆகவே 'ஆண் கேரூபீன் வேண்டுமா, பெண் கேரூபீன் வேண்டுமா' என்று கடைப்பையன் கேட்டால், சொல்லில் அந்தப் பாகுபாடே இல்லை என்று சொல்லிவிடலாம். நீலச் சட்டை, ரோஜா நிறச் சட்டை என்று இரண்டு வண்ணத்தில் பூசிவைத்திருப்பது விற்பனைக்காக.

வேர்ப்பொருள் என்ன? இதில் அறிஞர்கள் ஒத்துப்போவதில்லை. ஆசீர்வதிப்பது என்ற பொருளுள்ள, பழைய மெசொப்பொத்தாமியாவின் அக்காதிய மொழி வினை ஒன்றோடு சேர்த்துப் பார்க்கிறவர்கள் உண்டு. அதே மொழியில் வாசலில் நின்று காக்கும் இறக்கை உருவங்களுக்கும் இதையொத்த பெயர் இருக்கிறது. ஆதியாகமம் 3:24இல் ஏதேனுக்குக் கிழக்கே வைக்கப்பட்ட கேரூபீன்கள் செய்வதும் அந்தக் காவல் வேலையைத்தான். அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த யூத அறிஞர் பீலோ முதலாம் நூற்றாண்டில் வேறு வழியில் போனார்: கிரேக்கர் புரிந்துகொள்ள வேண்டுமென்றால் இதை 'நிறைந்த அறிவு' என்று சொல்லவேண்டும் என்றார். பிற்காலத் திருச்சபை ஆசிரியர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். கேரூபீன் என்றால் அறிவு, ஆறு இறக்கை வானவரான சேராபீன் என்றால் அனல் என்று நம் ஊர்ப் பிரசங்கங்களில் கேட்பது அந்த வழியில் வந்தது. சேராபீனுக்கு அது பொருந்தும், ஏனென்றால் எரிவது என்ற எபிரெய வினை அங்கே கண்ணுக்கு முன் நிற்கிறது. கேரூபீனுக்கு அது விளக்கம் மட்டும், வேர் அல்ல.

குழந்தை முகம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் எல்லாரும் இத்தாலிய ஓவியர்களைக் கைகாட்டுவார்கள். பாதி சரி. யூதர்களின் பழைய போதனைத் தொகுப்பான தல்மூதில் ரபி அபாகு என்பவர் இந்தச் சொல்லை இரண்டாகப் பிரித்து, 'ரவ்யா போல' என்று விளையாட்டாகப் பொருள் சொல்லியிருக்கிறார். பாபிலோனில் ரவ்யா என்றால் குழந்தை. ஓவியர்கள் தூரிகையைத் தொடுவதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய பேச்சு இது. அதற்கும் முன்னால், முதலாம் நூற்றாண்டில், வரலாற்றாசிரியர் யோசேப்பு, சாலொமோன் எருசலேம் ஆலயத்தில் வைத்த கேரூபீன்கள் எந்த வடிவில் இருந்தன என்று எவராலும் சொல்லவோ ஊகிக்கவோ முடியாது என்று எழுதிவைத்துவிட்டார். இதை மனத்தில் வைத்துக்கொண்டால் கடைக்காரரிடம் ஏறுகிற குரல் சற்று இறங்கும்.

இனி உருப்படிகள்.

முதலாவதும் முக்கியமானதும், நற்கருணைப் பேழையின் இரு பக்கமும் வைக்கும் ஜோடி. 45 சென்டிமீட்டர் உயரம், பைபர்கிளாஸ், தங்க வண்ணம், ஜோடி 680 வெள்ளி (மலேசிய ரிங்கிட்). வேலை சுத்தம். இறகுகளின் விளிம்பு கூர்மையாக இருக்கிறது, அச்சின் இணைப்புக்கோடு தெரியாமல் தேய்த்திருக்கிறார்கள். ஆனால் பெரிய குறை ஒன்று உண்டு: இரண்டும் ஒரே அச்சில் வார்த்தவை. யாத்திராகமம் 25:20 இரண்டின் முகமும் ஒன்றையொன்று நோக்கி, பார்வை உடன்படிக்கைப் பெட்டியின் மூடியின்மேல் பதிந்திருக்க வேண்டும் என்கிறது. ஒரே அச்சு என்றால் இரண்டும் வலப்பக்கமே தலையைத் திருப்பியிருக்கும். பேழைக்கு இருபுறமும் வைத்தால் ஒன்று பேழையைப் பார்க்கும், மற்றது வாசலில் யார் வருகிறார்கள் என்று பார்க்கும். அதை அப்படியே சுழற்றி வைத்தாலும் தீராது. முகம் உள்ளே திரும்பும், முன்னால் நீட்டிய இறக்கை சுவரில் இடிக்கும்.

கடையில் சோதித்துப் பார்க்க ஒரு நிமிடம் போதும். இரண்டையும் தரையில் ஒரு கை தூரத்தில் வைத்து, நடுவில் ஒரு தண்ணீர்ப் புட்டியை நிறுத்துங்கள். இரண்டு மூக்கும் புட்டியின் அடியை நோக்க வேண்டும். இறக்கை நுனிகள் புட்டிக்கு மேலே ஏறக்குறைய தொட்டுக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் இடது வலது எனத் தனித்தனி அச்சில் வார்த்துத் தரச்சொல்லிக் கேளுங்கள். செய்து தருகிறார்கள், 150 வெள்ளி கூடுதல், மூன்று வாரம் ஆகும். கேட்காதவருக்கு முன்னால் இருப்பதைக் கட்டிக்கொடுத்துவிடுவார்கள்.

அளவு விஷயத்திலும் ஒரு வார்த்தை. உடன்படிக்கைப் பெட்டியின் மூடி நீளம் இரண்டரை முழம், அகலம் ஒன்றரை முழம். பூக்காரர் கையால் அளக்கும் அதே முழம்தான். 45 சென்டிமீட்டர் என்று வைத்தால் ஏறக்குறைய 112க்கு 67. மூடியும் கேரூபீன்களும் தனித்தனியாகச் செய்து ஒட்டியவை அல்ல, ஒரே பொன்னில் அடித்து எழுப்பியவை. பைபர்கிளாஸில் அதைச் செய்வது கடினம் என்பது புரிகிறது. ஆனாலும் அடிப்பலகையோடு சேர்த்து வார்க்கச் சொன்னால் ஒரு பலன் உண்டு: பீடத்துணியை இழுக்கும்போது ஒன்று மட்டும் சாய்ந்து விழாது. தனித்தனியாக விற்கும் ஜோடியின் அடிப்பகுதி உள்ளே வெற்றாக இருக்கிறது, இறக்கையின் பாரம் முன்னால் தள்ளுகிறது. வாங்கினால் அடியில் இருக்கும் துளை வழியாக உலர்ந்த மணலை ஒரு கிலோ அளவு நிரப்பி, ரெசின் வைத்து அடைக்கச் சொல்லுங்கள். இதற்கு அவர்கள் காசு வாங்குவதில்லை.

கோயில் சுவருக்குப் பெரிதாக வேண்டுமென்றால் சாலொமோனின் அளவு வேறு. 1 இராஜாக்கள் 6இல் ஒலிவ மரத்தில் செய்து பொன் தகட்டால் மூடிய இரண்டு. உயரம் பத்து முழம், ஒவ்வோர் இறக்கையும் ஐந்து முழம். நாலைந்தாக இருபது முழம், சுவர் முதல் சுவர் வரை. நடுவில் இறக்கைகள் தொட்டுக்கொள்ளும். இங்கே முகங்கள் ஒன்றையொன்று பார்ப்பதில்லை. 2 நாளாகமம் 3:13 அவை ஆலயத்தை நோக்கியிருந்தன என்கிறது. தோட்டத்து ஜெபக்கூடத்தின் பின்சுவர் இருபது அடி அகலம் இருந்தால் கணக்கை அடியில் வைத்துக்கொள்ளலாம்: இறக்கை ஒவ்வொன்றும் ஐந்தடி. அந்த அளவில் ஒரே அச்சு போதாது. இறக்கைகளைத் தனியாக வார்த்து, தோளில் போல்ட் போட்டு இணைக்கிறார்கள். துருப்பிடிக்காத எஃகு போல்ட் கேட்டு வாங்குங்கள். சாதாரண இரும்பு இரண்டு மழைக்காலம் தாங்கும், பிறகு துரு பருத்துத் தோளைப் பிளக்கும்.

இரண்டாவது, குழந்தைத் தலையும் கழுத்தடியில் இரு இறக்கையும் உள்ள பதக்கம். 25 சென்டிமீட்டர், பிளாஸ்டர், 35 வெள்ளி. இதுதான் அதிகம் விற்கிறது. நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்கு முந்தைய மாதம் அடுக்கிவைத்திருப்பார்கள். குழந்தைகளின் கல்லறைக்கு வாங்குகிறார்கள். இறந்துபோன பிள்ளை கேரூபீன் ஆகிவிட்டது என்று பலர் சொல்வதைக் கேட்கலாம். சொல்லில் அதற்கு இடமில்லை. கேரூபீன் எந்த வேதபாகத்திலும் இறந்த மனிதரைக் குறிப்பதில்லை, காவல் நிற்கிறது, சிங்காசனத்தைச் சுமக்கிறது. துக்கத்தில் இருக்கிறவர்களிடம் போய் இதை வாதாடுவது அழகல்ல. ஆனால் கல்லில் பொறிக்கும்போது வானதூதருக்கு நம் பாட்டிமார் சொன்ன 'சம்மனசு' என்ற சொல்லைப் போடலாம். வாயிலும் மனத்திலும் இனிமையாக நிற்கும், யாருக்கும் உறுத்தாது.

பொருளைப் பொறுத்தவரை இந்தப் பதக்கத்தை வெளியில் வைக்க வேண்டாம். பிளாஸ்டர் ஆப் பாரிஸ் இறுகிய பிறகும் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும் பொருள். வண்ணத்தில் மயிரிழை வெடிப்பு விழுந்தால் போதும், பேராக் மழை மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். முதலில் மூக்கு மழுங்கும், பிறகு இறகுக்கோடுகள். கடைக்காரர் 'மேலே வார்னிஷ் அடித்திருக்கிறோம்' என்பார். முன்பக்கம் மட்டும். பதக்கத்தைத் திருப்பிப் பாருங்கள், பின்பக்கம் பூச்சில்லாமல் இருக்கும். சிமெண்ட் கல்லறையின் ஈரம் அந்த வழியாக ஏறி வண்ணத்தை உள்ளிருந்து தள்ளும். அதே அச்சில் பைபர்கிளாஸில் வார்த்தது 70 வெள்ளி. இரட்டிப்பு விலைதான், ஆனாலும் கல்லறைக்கு அதை வாங்குவதே சிக்கனம்.

மூன்றாவது, முழங்கையை ஊன்றி மோவாயைத் தாங்கிக்கொண்டு மேலே பார்க்கும் இரண்டு சுட்டிகள். ரெசின், ஜோடி 60 வெள்ளி. இவர்களை எல்லாருக்கும் தெரியும்: ரபேல் 1512ஆம் ஆண்டு வாக்கில் வரைந்த சிஸ்டைன் மடோனா ஓவியத்தின் அடிவிளிம்பில் சாய்ந்திருப்பவர்கள், மூல ஓவியம் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் இருக்கிறது. பிஸ்கட் தகரத்திலிருந்து திருமண அழைப்பிதழ் வரை ஏறிவிட்டார்கள். வீட்டு அலமாரிக்கு வாங்குங்கள், அழகாக இருக்கும். பீடத்துக்கு வேண்டாம். எசேக்கியேலின் முதல் அதிகாரத்தையும் பத்தாம் அதிகாரத்தையும் படித்துவிட்டு இந்தக் கன்னத்தைக் கிள்ள மனம் வராது: அங்கே நாலு முகம், நாலு இறக்கை, பக்கத்தில் கண்கள் நிறைந்த சக்கரங்கள். மனிதன், சிங்கம், எருது, கழுகு என்று முதல் அதிகாரத்தில் வரும் வரிசையில், பத்தாம் அதிகாரம் 14ஆம் வசனத்தில் எருதின் இடத்தில் 'கேரூபின் முகம்' என்று நிற்கிறது. எருது முகமே கேரூபின் முகமா என்று அன்றிலிருந்து இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அப்படி ஒன்றை இந்தக் கடை மட்டுமல்ல, எந்தக் கடையும் வார்ப்பதாகத் தெரியவில்லை, பிள்ளைகள் பயந்துபோவார்கள்.

இந்த ஜோடியின் அடியில் ஒட்டியிருக்கும் எழுத்துப் பட்டையும் இடம் மாறி உட்கார்ந்திருக்கிறது. 'பரிசுத்தர், பரிசுத்தர், பரிசுத்தர்' என்பது ஏசாயா 6:3இல் சேராபீன்கள் பாடியது. அது வரவேண்டிய இடம் நான்காவது உருப்படி.

அதுதான் ஆறு இறக்கைப் பலகை. 40 சென்டிமீட்டர், பைபர்கிளாஸ், 260 வெள்ளி. கடையில் இருப்பதிலேயே சிரத்தையான வேலை இதுவே என்று சொல்லத் தோன்றுகிறது. சிவப்பு அடிவண்ணத்தின்மேல் தங்கத்தை உரசி எடுத்திருக்கிறார்கள். எரிவது என்ற வேருக்கு அந்தச் சிவப்பு நன்றாகப் பொருந்துகிறது. கீழைத் திருச்சபைகளின் திருவோவிய முறையைப் பார்த்துச் செய்தது. நடுவில் முகம், சுற்றிலும் இறக்கை. ஏசாயா சொல்வது வேறு: இரண்டால் முகத்தை மூடி, இரண்டால் கால்களை மூடி, இரண்டால் பறந்தன. முகத்தை மூடினால் வாங்க ஆள் வராது என்பதால் ஓவிய மரபே விட்டுக்கொடுத்த இடம் அது. குறை சொல்வதற்கில்லை. சீட்டை மட்டும் மாற்றவேண்டும். ஆறு இறக்கை என்றால் சேராபீன். இந்தச் சொல் புதிய ஏற்பாட்டில் வருவதே இல்லை. வெளிப்படுத்தல் 4:8இல் ஆறு இறக்கையோடு நாலு ஜீவன்கள் வருகின்றன, எசேக்கியேலின் முகங்களையும் ஏசாயாவின் பாட்டையும் சேர்த்துக்கொண்டு. வானத்து ஒன்பது அணிகளை வரிசைப்படுத்திய தியோனிசியு என்ற பெயரிலுள்ள பழைய நூலில் சேராபீன் முதல் அணி, கேரூபீன் இரண்டாவது. அலமாரியில் சேராபீனை மேல் தட்டில் வைத்திருக்கிறார்கள். தெரிந்து வைத்தார்களோ, இடம் இருந்ததால் வைத்தார்களோ, சரியாக அமைந்துவிட்டது.

ஐந்தாவது, நீள அங்கி, எக்காளம், இரண்டு இறக்கை. 90 சென்டிமீட்டர், 850 வெள்ளி. இது கேரூபீனே அல்ல. கிரேக்கத்தில் 'அங்கெலோஸ்', பொருள் செய்தி கொண்டுபோகிறவர். தமிழ்த் 'தூதன்' அதற்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. அந்தச் சொல்லில் இறக்கை கிடையாது. லூக்கா 7:24இல் யோவான் அனுப்பிய மனிதர்களுக்கும் இதே சொல்தான். எபிரெயர் 13:2இல் சிலர் அறியாமலே தூதரை உபசரித்தார்கள் என்றால், வந்தவர்களின் முதுகில் இறகு தெரியவில்லை என்றுதானே ஆகிறது. இருந்தாலும் பெரியவர்களின் கல்லறைக்கு இந்த உருப்படியே பொருத்தம். கடைசி எக்காளத்தை எதிர்நோக்கிப் படுத்திருப்பவரின் தலைமாட்டில் தூதன் நிற்பது அர்த்தமுள்ளது. வாங்குமுன் எக்காளத்தைப் பிடித்து இலேசாக அசைத்துப் பாருங்கள். சில உருப்படிகளில் அது வாயில் மட்டும் ஒட்டியிருக்கிறது, கையில் ஒட்டவில்லை.

பைபர்கிளாஸ் தரத்தைக் கண்டுபிடிக்க விரல் போதும். பாலியெஸ்டர் ரெசினில் ஹார்ட்னர் நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டு பங்கு சேர்க்கவேண்டும். குறைந்தால் மேற்பரப்பு வாரக்கணக்கில் பிசுபிசுக்கும். இறக்கையின் உட்பக்கத்தைத் தொட்டால் விரல் ஒட்டும். கூடினால் சூடேறி, தடித்த இடங்களில் வெடிப்பு ஓடும். கழுத்திலும் இறக்கை வேரிலும் வெளிச்சம் பிடித்துப் பாருங்கள். மழை நாளில் வார்த்தவற்றில்தான் பிசுபிசுப்பு அதிகம். இறக்கையை இரு விரலால் இலேசாக வளைத்துப் பாருங்கள். அட்டை போல் வளைந்தால் நார்ப்பாய் ஒரே அடுக்கு. கல்லறைக்குக் குறைந்தது இரண்டு அடுக்கு வேண்டும்.

தங்க வண்ணத்தில் மூன்று தரம் சொல்கிறார்கள். தங்கப்பொடி என்பது செம்பும் துத்தநாகமும். மூடாமல் விட்டால் ஓராண்டில் பழுப்பேறும், மெழுகுதிரிப் புகை பட்டால் அதற்கும் முன்னாலேயே. தங்கத்தாள் என்று மலிவாகச் சொல்வதும் அதே செம்புக்குடும்பம். உண்மையான பொன்தாள் கறுக்காது, ஆனால் அந்த 45 சென்டிமீட்டர் ஜோடிக்கே விலை நாலு இலக்கத்துக்குப் போய்விடும். பேழைக்கு நடுத்தரத்தை எடுத்து, மேலே நிறமற்ற மூடுபூச்சு இரண்டு கை அடிக்கச் சொல்வது போதுமானது. மெழுகுதிரியை ஒரு முழமாவது தள்ளி வையுங்கள். பைபர்கிளாஸ் தீப்பிடிக்கும் பொருள், புகையும் நஞ்சு.

மரத்தில் வேண்டும் என்று கேட்கிறவர்களுக்கு, ரப்பர் மரமான பால்மரத்தில் செதுக்கித் தருவதாகச் சொல்கிறார்கள். சுற்றிலும் தோட்டம், மரம் மலிவு. மறுத்துவிடுங்கள். பால்மரம் நாற்காலிக்குச் சரி, மருந்து ஏற்றி உலர்த்தியிருந்தால். செதுக்கு வேலைக்கு வெட்டிய சில வாரங்களிலேயே நீலம் பூக்கும், துளைப்பூச்சி இறங்கும். ஒலிவ மரம் இங்கே எங்கே போவது? செங்கல் மரம் என்று நம்மவர்கள் சொல்லும் உள்ளூர்க் கடினமரம் கரையானுக்கு அசையாது. உளிக்கும் அசையாது என்பதால் கூலி ஏறும்.

எழுத்துப் பொறிப்பில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். கருங்கல் பட்டையில் எழுத்துக்கு ஒன்றரை வெள்ளி. 'கேரூபீன்' நாலு எழுத்து. ஆனால் ககரத்தின் கொம்பைத் தனி எழுத்தாகக் கணக்குப் போட்டு ஐந்துக்கு வாங்கப் பார்க்கிறார்கள். பேசினால் இறங்கிவருகிறார்கள். அதைவிட மோசம், கணினியில் பழைய எழுத்துருவில் தட்டுவதால் 'ரூ' என்பது 'ரு'வாகக் குறுகிவிடுகிறது, 'கொ' போன்ற எழுத்துகளில் கொம்பு ஒருபக்கம், கால் ஒருபக்கம் என்று சிதறுகிறது. கல் வெட்டுமுன் தாளில் ஒரு படி எடுத்துக் காட்டச்சொல்லி, எழுத்து எழுத்தாக விரல் வைத்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். மெதடிஸ்ட், லுத்தரன் சபைகளுக்கு என்றால் 'கேரூபீன்', கத்தோலிக்கக் கோயிலுக்கு என்றால் 'கெருபு' என்று ஆணைச்சீட்டில் நீங்களே எழுதிக்கொடுத்துவிடுங்கள். ஜோடிக்கு ஏற்ற வாசகம் சங்கீதம் 80:1: 'கேரூபீன்கள் மத்தியில் வாசம்பண்ணுகிறவரே, பிரகாசியும்'. பட்டையின் நீளம் 60 சென்டிமீட்டர் இருந்தால் இரண்டு வரியில் அடங்கும்.

முன்பணம் பாதி, மீதி எடுக்கும்போது. தோட்டங்களுக்கு லோரியில் கொண்டுவந்து தருகிறார்கள். செம்பனைக் காட்டுச் செம்மண் சாலையில் குலுங்கும் என்பதால் இறக்கையைப் பழைய செய்தித்தாளில் சுற்றுவது போதாது, நுரைத்தாள் கேளுங்கள். உருப்படியைப் படுக்கவைத்து ஏற்றினால் பாரம் முழுதும் இறக்கையில் இறங்கும், நிறுத்தியே ஏற்றவேண்டும்.

பழுதுபார்ப்பு மட்டும் இந்தக் கடையில் குறை சொல்ல முடியாத சேவை. ஒடிந்த இறக்கைக்கு இரு பக்கமும் துளையிட்டு எஃகுக் கம்பி செருகி, எபாக்சி வைத்து ஒருநாள் கட்டிவைக்கிறார்கள். பிறகு புட்டிப் பூச்சு, உப்புத்தாள், வண்ணம். பழைய பிளாஸ்டர் சுரூபங்களையும் எடுத்துக்கொள்கிறார்கள், முதலில் இரண்டு வாரம் நிழலில் உலர்த்துகிறார்கள், ஈரத்தோடு பூசினால் வண்ணம் கொப்பளிக்கும் என்று தெரிந்து. சிறு இறக்கைக்கு 40 வெள்ளி. ஒடிந்த துண்டும் கையில் இருந்தால் 20தான். துண்டை வீசிவிடாமல் பையில் போட்டுக் கொண்டுபோங்கள்.